வண்டிக்குத்தான் சீட்டு

மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பாட்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் ஆனால் வீடு முழுக்க சரளி வரிசைதான். காற்றுதான் வழக்கம்போல மோசம். காலையில் நடக்கப் போவதை நிறுத்திவைத்திருக்கிறேன்.

நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குக் காரிலேயே போகலாமா, எல்லையில் வண்டியை விடுவார்களா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போகலாம். 2024இல் தீபாவளி முடிந்த கையோடு நாங்கள் போய்வந்தோமே, அந்த அனுபவத்தில் உனக்கு உதவக்கூடியதையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். அந்த எல்லையில் உன்னையும் என்னையும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். 1950இல் போட்ட ஒப்பந்தப்படி இந்தியர்களுக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருந்தால் போதும். எல்லை ஊரான சுனௌலியில் காய்கறிக் கூடையோடும் சைக்கிளோடும் ஜனங்கள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். காருக்கு மட்டும் அப்படி இல்லை. அதன் நம்பர், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டு, அத்தனை நாளுக்கும் பணம் வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுத் தருகிறார்கள். பன்சார் என்பார்கள், சுங்கம்தான். இந்திய வண்டி ஒன்று வருடத்தில் மொத்தம் 30 நாள்தான் அங்கே ஓடலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது. நேபாளத்தில் பெட்ரோல் காருக்கு வரிமேல் வரி. இங்கே விற்கும் அதே கார் அங்கே இரண்டு மடங்குக்கும் மேல் விலை. அதனால் உள்ளே வரும் ஒவ்வொரு இந்தியக் காரையும் வரி கட்டாமல் தங்கிவிடக்கூடிய சரக்காகவே சுங்கத்துறை பார்க்கிறது. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்ன நாடு, சுங்க வருமானத்தை நம்பி இருக்கிறது. மின்சாரக் காருக்கு வரி குறைவாம், வழியில் வரும் போகரா நகரத்து வீதிகளில் அதுதான் கண்ணில் படுகிறது. நம் ஊரில் பெயரே கேள்விப்படாத சீன வண்டிகளெல்லாம் சத்தமில்லாமல் மலை ஏறுகின்றன. நதியில் எடுக்கும் மின்சாரம் அங்கே ஏராளம். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அந்தச் சீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் எல்லாமே நேபாளிதான். எழுத்து தேவநாகரி என்பதால் எனக்கு வாசிப்பதில் சிரமம் இல்லை. ஆனால் தேதி விக்கிரம ஆண்டுக் கணக்கு. நமக்கு 2024 என்றால் அவர்களுக்கு 2081, மாதம் கார்த்திக். வண்டி எந்தத் தேதிக்குள் வெளியே போக வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. இவள் வழக்கம்போல ஒரு தமிழ் நாட்காட்டியைப் பையில் வைத்திருந்தாள். அதைப் புரட்டிப் பார்த்தவள், இது நம்ம ஐப்பசிதானே என்றாள். பார்த்தால், அவர்கள் மாதமும் நம்முடையதைப் போலவே சூரியக் கணக்கு! நம் சித்திரை ஒன்று அவர்களுக்கு வைசாகம் ஒன்று, நம் ஐப்பசி அவர்களுக்குக் கார்த்திக், நம் கார்த்திகை அவர்களுக்கு மங்சிர். அதிகம் போனால் ஒரு நாள் முன்பின் இருக்கும். கவுன்டரில் இருந்தவரிடம் ஆங்கிலத் தேதியையும் கேட்டுச் சீட்டின் ஓரத்தில் பேனாவால் குறித்துக்கொண்டோம். நீ வரும்போது நாட்காட்டியை மறக்காதே.

சீட்டைக் கையில் வாங்கியதும் போட்டோ எடுத்துவிட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிடு. வழியில் போலீஸ் நிறுத்தினால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். திரும்பும்போது அதே அலுவலகத்தில் கொடுத்து, வண்டி வெளியேறிவிட்டது என்று பதிவு செய்ய வேண்டும். நாள் தாண்டினால் தண்டம், வண்டியையே பிடித்துவைக்கவும் இடம் உண்டு. அதனால் கணக்குப் போடும்போது ஓரிரு நாள் கூடவே கேட்டுவிடு. மலைப்பாதை, எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. வண்டியைப் போகராவில் நிறுத்திவிட்டு ஜீப்பில் போனாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இங்கிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியது இன்சூரன்ஸ். நம் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். கம்பெனியிடம் சொல்லிக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளத்துக்கும் நீட்டித்து எழுதித் தருகிறார்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது, மலையில் எதிரே வரும் லாரியைப் பார்த்தால் உனக்கே புரியும். உன் மகனின் காரை எடுத்து வரலாமா என்று கேட்டிருந்தாய். அவன் பெயரில் ஆர்.சி. இருப்பதால் அவனிடம் ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும், கடன் பாக்கி இருந்தால் பேங்க் கடிதமும் இருப்பது நல்லது. எதற்கு அந்தப் பாடு? நீங்கள் ரயிலில் வந்துவிடுங்கள், என் வண்டியிலேயே போவோம்.

அமெரிக்காவிலிருந்து சின்னவனும் சேர்ந்துகொள்வதாக எழுதியிருக்கிறாய். அவன் இப்போது அமெரிக்கப் பாஸ்போர்ட் அல்லவா, அவனுக்கு நடைமுறையே வேறு. சுனௌலியில் இந்தியக் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை, அப்புறம் நேபாளப் பக்கம் விசா. அங்கேயே தருவார்கள், 15 நாளுக்கு 30 டாலர். நம் பக்கத்து அலுவலகம் கடைகளுக்கு நடுவே சின்னதாக இருக்கும், கவனிக்காமல் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையையும் எடுத்துவரச் சொல்.

வழி சுலபம். ஆக்ரா, லக்னோ வரை எக்ஸ்பிரஸ்வே, அப்புறம் அயோத்தி, கோரக்பூர். எல்லை தாண்டினதும் லும்பினி பக்கத்திலேயே இருக்கிறது, அசோகர் தூணைப் பார்த்துவிட்டுப் போவோம். புட்வல் தாண்டியதும் சித்தபாபா என்று ஓர் இடம், மேலிருந்து கல் உருளும். அங்கே நிறுத்தாமல் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு தான்சேன் வழியாகப் போகரா வரை வளைவுக்குப் பின் வளைவு. எல்லையிலிருந்து தூரம் பார்த்தால் 180 கிலோமீட்டர்தான், ஆனால் பகல் முழுக்க அதற்கே சரியாகப் போகும். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். பணத்துக்குக் கவலையில்லை. நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160, பல கடைகளில் யு.பி.ஐ.யும் ஓடுகிறது. கடிகாரத்தை மட்டும் கால் மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள், அலுவலகம் மூடுவது அவர்கள் நேரப்படி.

போகராவுக்கு மேல் என் சின்னக் காரை ஏற்ற மாட்டேன். காளி கண்டகிக் கரையோரம் கல்லும் தண்ணீருமாகக் கிடக்கும் பாதை, உள்ளூர் ஜீப்தான் சரி. ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தவளகிரி, நடுவில் அந்த நதி. சாளக்கிராமம் கிடைக்கும் நதியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம் இதுதான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டவன் நீ. கோயிலுக்குப் பின்னால் 108 தாரை, பனி உருகிய தண்ணீர். எல்லாவற்றிலும் தலை நனைக்க வேண்டும் என்று நீ நிற்பாய், தெரியும். 3,700 மீட்டருக்கு மேல் உயரம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வா. ஜோம்சோமில் ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டே மேலே ஏறுவோம்.

அப்படியே பர்மா வழியாகத் தாய்லாந்து வரைக்கும் ஒருநாள் ஓட்டிப் போக வேண்டும் என்ற ஆசையையும் எழுதியிருக்கிறாய். அப்பா பிறந்த ரங்கூனைப் பார்க்கும் ஆசை உனக்கு எத்தனை வருட ஆசை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இப்போதைக்கு அது வேண்டாம். அங்கே 2021இலிருந்து ராணுவ ஆட்சியும் சண்டையும், இந்தப் பக்கம் மணிப்பூரில் 2023 மே மாதத்திலிருந்து அமைதியில்லை. மோரே எல்லையில் நம் ஜனங்கள் இருக்கிறார்கள். 1960களில் பர்மாவை விட்டு வந்தவர்களில் சிலர் தரைவழியாகவே திரும்பிப் போகப் பார்த்து, எல்லையில் மறிக்கப்பட்டு அங்கேயே ஊன்றிக்கொண்டவர்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். காலம் சரியானதும் மோரே வரைக்குமாவது உன்னைக் கூட்டிப்போகிறேன்.

முக்திநாத் பயணத்துக்குப் புரட்டாசி வேண்டாம். 2024 புரட்டாசி மழையில் நேபாளத்தில் 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம் தசராவைப் போன்ற தசைன் பண்டிகைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். தீபாவளிக்குப் பிறகு வானம் தெளிவாக இருக்கும், குளிரும் தாங்கும். டாக்டர் என்ன சொல்கிறார் என்று எழுது. நீ சரி என்றதும் இன்சூரன்ஸ் வேலையை ஆரம்பித்துவிடுகிறேன், ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், சின்னவனை அன்று காலையிலேயே உட்கார்ந்து போடச் சொல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய ஹாஸ்டல் நண்பன்