செயலாளர் ஆண்டறிக்கை 2024: இந்த சீசன் முழுக்க ஒரே அப்ஸ்ட்ரக்ஷன் பஞ்சாயத்துதான்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம நியூ ஜெர்சி லிட்டில் லீக் (பசங்களுக்கான பேஸ்பால்) தன்னார்வ அம்பயர் குழுவோட இந்த வருஷ அறிக்கை இது. வரவு செலவை பொருளாளர் அண்ணன் தனியா படிப்பாரு, அதுல நான் கை வைக்கல. ஏப்ரல்ல சீசன் ஆரம்பிச்சுது, மழையில கொஞ்சம் கேம் போச்சு, ஜூன்ல முடிஞ்சுது. புதுசா வந்த அப்பா அம்மாக்கள் எல்லாரும் பேக்ரவுண்ட் செக் முடிச்சுட்டுதான் மைதானத்துல இறங்கினாங்க, அந்த விஷயத்துல யாருக்கும் சலுகை கிடையாதுன்னு போன வருஷமே முடிவு பண்ணிட்டோம். நிர்வாகம் பத்தி சொல்ல வேண்டியது அவ்ளோதான்.

இனி நிஜ விஷயம். இந்த சீசன்ல நம்ம குழுவுக்கு வந்த புகார்ல பெரும்பாலானது ஸ்ட்ரைக் ஜோன் பத்தி இல்ல, சேஃப் அவுட் பத்தியும் இல்ல, எல்லாம் அப்ஸ்ட்ரக்ஷன், அதாவது பந்து இல்லாத ஃபீல்டர் ரன்னரோட வழியை மறைக்கிறது. காரணம் எனக்கு தெரிஞ்சு ஒண்ணுதான். 2024 சீசனுக்கு எம்எல்பி, அதாவது அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக், தன்னோட அம்பயர்கள்கிட்ட, பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே முட்டிய மடக்கி பேஸை (ரன்னர் ஓடித் தொட வேண்டிய இடத்தை) மறைக்கிற ஃபீல்டர்களை கண்டிப்பா பாருங்கன்னு சொல்லிட்டாங்க. ரூல் பழசு, கண்டிப்புதான் புதுசு. டிவியில அதைப் பத்தி பேச்சு ஓடுச்சு, நம்ம கோச்சுங்க அதை அப்படியே எடுத்துட்டு பத்து வயசு பசங்க மைதானத்துக்கு வந்துட்டாங்க. ஆனா லிட்டில் லீக் புத்தகம் அதைவிட கடுமையா ரொம்ப நாளாவே இருக்கு, அதை யாரும் படிக்கல, அதுதான் என் வருத்தம்.

வித்தியாசத்தை ஒரு தடவை தெளிவா சொல்லிடறேன். பெரிய லீக் ரூல்ல பந்து கையில இல்லாம, பந்தை ஃபீல்ட் பண்ற வேலையிலயும் இல்லாம ஒரு ஃபீல்டர் ரன்னரை தடுத்தா அப்ஸ்ட்ரக்ஷன். எறிஞ்ச பந்து நேரா அவர்கிட்ட வந்துட்டிருக்கு, அதை வாங்க அங்க நின்னே ஆகணும்னா அவர் ஃபீல்ட் பண்ற வேலையில இருக்கார்னு அம்பயர் எடுத்துக்கலாம், அந்த இடம் முழுக்க அம்பயர் தீர்ப்பு. லிட்டில் லீக்ல இந்த சலுகை இல்ல. பந்து கையில இல்லையா, ரன்னருக்கு பேஸையோ, பேஸ்லைனையோ, ஹோம் ப்ளேட்டையோ (தொட்டா ரன் கணக்காகற கடைசி பேஸ்) மறைக்கக் கூடாது. பந்து பாதி தூரம் வந்துருச்சு, இன்னும் ஒரு அடிதான் பாக்கி, இதெல்லாம் இங்க வாதமே இல்ல. ஆனா ஒண்ணு, அடிச்ச பந்தை எடுக்க போற ஃபீல்டருக்கு ரன்னர்தான் வழி விடணும், அவர் மேல மோதினா அது ரன்னர் செஞ்ச இன்டர்ஃபெரன்ஸ். அந்த ஃபீல்டரே பந்தை தவறவிட்டுட்டு குறுக்க கிடந்தார்னா பாதுகாப்பு போச்சு, இப்ப தப்பு அவர் பக்கம்.

நம்மள்ல முக்கால்வாசி பேர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்க, அதனால மனசு உடனே “வேணும்னே பண்ணானா?”ன்னு தேடுது. கிரிக்கெட்ல ஃபீல்டர் பேட்ஸ்மேனை தடுத்தா அஞ்சு ரன் பெனால்டி உண்டு, ஆனா அது வேணும்னே பண்ணதா இருக்கணும். பேஸ்பால்ல அந்தக் கேள்வியே கிடையாது. பையன் நல்லவன், தெரியாம விழுந்துட்டான், எந்திரிக்க முயற்சி பண்ணான், எல்லாம் சரி, ரன்னர் தடைபட்டாரா இல்லையா, அவ்ளோதான். இது தண்டனை இல்ல, ரன்னர் இழந்ததை திருப்பிக் குடுக்கிறது. இதை ஏத்துக்கிட்டா கோச்கிட்ட பேசறது சுலபமாயிடும், ஏன்னா நீங்க அவர் பையனை குத்தம் சொல்லல.

இதுக்கு 2013 வேர்ல்ட் சீரிஸ் (பெரிய லீக் சாம்பியனை முடிவு பண்ற சீரிஸ்) மூணாவது கேமை விட நல்ல பாடம் கிடையாது, பயிற்சி நாள்ல மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டினது இதைத்தான். அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ், கார்டினல்ஸும் ரெட் சாக்ஸும் 4-4ல நிக்கறாங்க, ஒன்பதாவது இன்னிங்ஸ் கடைசி பாதி, ரெண்டாவது பேஸ்லயும் மூணாவது பேஸ்லயும் கார்டினல்ஸ் ரன்னர். ஜான் ஜே அடிச்ச பந்தை ரெட் சாக்ஸ் ஃபீல்டர் பெட்ரோயா பிடிச்சு ஹோமுக்கு எறிஞ்சு மோலினாவை அவுட் ஆக்கிட்டாங்க, அங்கயே நிறுத்தியிருந்தா கதை வேற, கேட்சர் சால்டலமாக்கியா தேர்டுக்கு வர்ற ஆலன் கிரெய்கையும் பிடிச்சிடலாம்னு எறிஞ்சாரு, பந்து விலகி லெஃப்ட் ஃபீல்டுக்கு போயிடுச்சு. அதைப் பிடிக்க பாய்ஞ்ச ரெட் சாக்ஸ் தேர்ட் பேஸ்மேன் மிடில்ப்ரூக்ஸ் தரையில குப்புற கிடக்கறாரு, ஹோமுக்கு ஓட கிளம்பின கிரெய்க் அவர் மேல இடறி விழுறாரு. தேர்ட் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அந்த நொடியிலயே அப்ஸ்ட்ரக்ஷன்னு கை காட்டிட்டாரு. ஆட்டம் நிக்கல. கிரெய்க் எந்திரிச்சு நொண்டிக்கிட்டு ஓடறாரு, கால்ல ஏற்கனவே அடி பட்டவர், லெஃப்ட் ஃபீல்டுல இருந்து நாவா எறிஞ்ச பந்துல கேட்சர் டேக் பண்ணிடறாரு (பந்தோட தொட்டுடறாரு), ஆனா ஹோம் அம்பயர் டேனா டிமுத் சேஃப்னு கையை விரிச்சுட்டு தேர்ட் பக்கம் விரல் நீட்டறாரு. 5-4, கேம் ஓவர். வேர்ல்ட் சீரிஸ்ல ஒரு கேம் அப்ஸ்ட்ரக்ஷன் தீர்ப்புல முடிஞ்சது அதுதான் முதல் தடவை.

மிடில்ப்ரூக்ஸ் எங்க போவாருன்னு அன்னைக்கும் கேட்டாங்க, நம்ம பயிற்சியிலயும் கேட்டாங்க. நியாயமான கேள்விதான், ஆனா ரூல் அதைக் கேக்கல. அதே ஜாய்ஸ்தான் 2010ல பிட்சர் கலராகாவோட பெர்ஃபெக்ட் கேமை (ஒரு பேட்டரைக் கூட பேஸ் ஏற விடாத ஆட்டம்) கடைசி பேட்டர்ல தப்பா சேஃப் குடுத்து கெடுத்தவர். ஒரு மனுஷன் தப்பு தீர்ப்பு குடுத்தும் பேர் வாங்கினாரு, சரியான தீர்ப்பு குடுத்தும் திட்டு வாங்கினாரு. அம்பயர் பொழப்பு அவ்ளோதான்.

சரி, ஆட்டத்தை எப்ப நிறுத்தணும், எப்ப நிறுத்தக் கூடாது, இதுல நம்ம ஆளுங்க சிலர் இன்னும் தடுமாறறாங்க. தடைபட்ட ரன்னர் மேலயே ப்ளே நடந்துட்டிருந்தா, இல்ல பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸை தொடறதுக்கு முன்னாடியே தடைபட்டா, அது டைப் ஏ. ரெண்டு கையும் மேல, “டைம்”, பந்து செத்துப்போச்சு, கடைசியா தொட்ட பேஸுக்கு அடுத்த பேஸாவது ரன்னருக்கு கட்டாயம். மே மாசம் ஒரு ரன்டவுன்ல (ரெண்டு பேஸுக்கு நடுவுல ரன்னரை ஃபீல்டருங்க துரத்தற ப்ளே) செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவுல மாட்டின பொண்ணு செகண்டுக்கு திரும்பி ஓடறப்ப பந்து இல்லாத ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவுல நிக்கிற ஃபீல்டர்) மேல இடிச்சா, நம்ம அம்பயர் தேர்ட் குடுத்தாரு, எதிர் கோச் “பின்னாடி ஓடினவளுக்கு முன்னாடி பேஸா?”ன்னு குதிச்சாரு. ஆமா சார், முன்னாடி பேஸ்தான். அந்தத் தீர்ப்பு நூத்துக்கு நூறு சரின்னு கமிட்டி பதிவு பண்ணியிருக்கு.

ப்ளே வேற எங்கயோ நடக்குது, இங்க ஒருத்தர் தடைபடறார்னா டைப் பி. பேட்டர் சிங்கிள் அடிச்சு ஃபர்ஸ்டை சுத்தறப்ப சும்மா நின்னு வேடிக்கை பாக்கற ஃபர்ஸ்ட் பேஸ்மேன் மேல மோதறது, நம்ம மைதானத்துல வாராவாரம் நடக்கிறது இதுதான். கை காட்டுங்க, சத்தமா சொல்லுங்க, ஆட்டத்தை விடுங்க. கை காட்டற அந்த நொடியிலயே இந்த ரன்னர் எந்த பேஸ் வரைக்கும் போயிருப்பான்னு மனசுல எழுதிக்கணும், எல்லாம் முடிஞ்சப்புறம் டைம் சொல்லிட்டு தேவைன்னா அங்க வைக்கணும். செகண்ட்ல ஒரு எட்டுல அவுட் ஆனா, மோதல் இல்லன்னா சேஃப்தான், செகண்ட் குடுங்க. ரன்னர் பாதி வழியில இருக்கறப்பவே பந்து அங்க காத்துட்டிருந்தா அவுட் அவுட்டேதான். டைப் பி-ல இலவச பேஸ்னு ஒண்ணு கிடையாது, கோச்சுங்க நம்ப மறுக்கிற இடம் இதுதான்.

அவங்களுக்கு நான் சொல்ற கதை 2003 ஏஎல்டிஎஸ் (பெரிய லீக் ப்ளேஆஃப் சீரிஸ்), பாஸ்டன்ல நடந்த மூணாவது கேம். ஓக்லாண்டோட மிகேல் டெஹாதா தேர்டை சுத்தறப்ப பாஸ்டன் தேர்ட் பேஸ்மேன் பில் ம்யூலர் மேல இடிச்சாரு, அம்பயர் பில் வெல்கி அப்ஸ்ட்ரக்ஷன் காட்டினாரு. டெஹாதா ஹோம் கிடைச்சாச்சுன்னு நினைச்சு ஓடறதை விட்டுட்டு கையை நீட்டிக்கிட்டே நடக்கறாரு, கேட்சர் வாரிடெக் வந்து சாவகாசமா டேக் பண்ணாரு. அவுட். அம்பயர் மனசுல எழுதின பேஸைத் தாண்டி போனா அது ரன்னர் சொந்த ரிஸ்க். ஓக்லாண்ட் அந்த கேமை 11 இன்னிங்ஸ்ல 3-1ன்னு தோத்து, 2-0ன்னு முன்னாடி இருந்த சீரிஸையும் விட்டுட்டாங்க. அதனால பசங்களுக்கு கோச் சொல்லிக் குடுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அம்பயர் கை நீட்டினாலும் ஓடிக்கிட்டே இரு.

பொய் டேக் பத்தி ஒரு புகார் வந்தது, பந்து இல்லாமலே டேக் பண்ற மாதிரி நடிச்சு ஓடிட்டிருந்த பையனை சறுக்க வெச்சுட்டான். லிட்டில் லீக்ல அது அப்ஸ்ட்ரக்ஷன்னு புத்தகத்துலயே இருக்கு, சும்மா சறுக்கினா கணுக்கால் போயிடும், சிரிச்சுட்டு விடற விஷயம் இல்ல. 2021ல ஜோஹானஸ்பர்க் கிரிக்கெட் மேட்ச்ல ஃபகர் சமான் 193ல ரன் அவுட் ஆனப்ப கீப்பர் டி காக் கை காட்டி ஏமாத்தினாரான்னு நம்ம வாட்ஸ்அப்ல ராத்திரி முழுக்க சண்டை போட்டவங்கதான் இங்க பாதி பேர், அந்த ரோஷத்துல கொஞ்சம் மைதானத்துலயும் காட்டுங்க.

ஹோம் ப்ளேட் சம்பந்தமா ரெண்டு பக்கமும் தப்பா பேசறாங்க. ரன்னர் கட்டாயம் சறுக்கணும்னு ரூல் இல்ல. பந்தோட காத்திருக்கிற ஃபீல்டர் முன்னாடி சறுக்கலாம், இல்ல சுத்திப் போக முயற்சி பண்ணலாம், இடிச்சுத் தள்ளக் கூடாது, அவ்ளோதான். கேட்சர் பந்து வாங்கறவரைக்கும் ப்ளேட்டுல ஒரு ஓரம் திறந்து வைக்கணும். பெரிய லீக்லயே 2011ல ஹோம்ல மோதி கேட்சர் பஸ்டர் போஸி கால் உடைஞ்சப்புறம் 2014ல தனி ரூல் கொண்டு வந்தாங்க, நம்ம பசங்க கால் அதைவிட மெல்லிசு.

ஹைஸ்கூல் கேமுக்கு போக ஆரம்பிச்ச உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்க ஏ, பி பிரிவு கிடையாது, எந்த அப்ஸ்ட்ரக்ஷனா இருந்தாலும் இடது கையை முஷ்டியா நீட்டிட்டு ஆட்டத்தை ஓட விடணும், முடிவுல குறைஞ்சது ஒரு பேஸ் கட்டாயம். சனிக்கிழமை காலையில ஒரு புத்தகம், சாயங்காலம் ஒரு புத்தகம்னு கலந்துடாதீங்க, கார்லயே ஒரு தடவை புரட்டிட்டு இறங்குங்க.

அடுத்த சீசனுக்கு கமிட்டி முடிவு. ஒவ்வொரு கேமுக்கும் முன்னாடி ப்ளேட் மீட்டிங்ல, பந்து இல்லாம பேஸை மறைச்சா அப்ஸ்ட்ரக்ஷன் தீர்ப்பு வரும்னு ரெண்டு கோச்கிட்டயும் வாயால சொல்லிடணும், அப்புறம் யாரும் எனக்கு தெரியாதுன்னு சொல்ல முடியாது. மார்ச்ல ஜிம்முக்குள்ள பயிற்சி, இந்த தடவை வீடியோ குறைச்சு, நிஜமா பசங்களை ஓடவிட்டு, ஒருத்தர் பந்தைப் பாக்கணும், இன்னொருத்தர் ரன்னரைப் பாக்கணும், ரெண்டு பேருமே பந்தைப் பாத்துட்டு நின்னதாலதான் சில அப்ஸ்ட்ரக்ஷன் யார் கண்ணுலயும் படாம போச்சு. தீர்ப்பு குடுத்தப்புறம் கோச் வந்தா ரூலை சொல்லுங்க, எந்த பேஸ் ஏன்னு ஒரு வரியில சொல்லுங்க, அதுக்கு மேல பேச்சு வேண்டாம்.

கடைசியா, ப்ளேட் மாஸ்க்கும் ஷின் கார்டும் எடுத்துட்டுப் போனவங்க தயவு செஞ்சு தீபாவளிக்கு முன்னாடி பொருளாளர் அண்ணன் வீட்டு கராஜ்ல வெச்சுடுங்க. செயலாளர் பதவிக்கு யாராவது வர்றதா இருந்தா பேர் குடுங்க, நான் வழி மறிக்கல.