வாசலில் நாற்காலி போட்டுத் தந்த அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

படிப்பு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டி கட்டுவதற்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்ல வந்தால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். உங்களில் சிலரோ "இதுக்கெல்லாமா நன்றி சொல்லுவாங்க" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் மடல்.

முதல் வருடம் நான் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். பகல் எப்படியோ ஓடிவிடும். விளக்கை அணைத்த பிறகுதான் கஷ்டம். வீட்டில் இந்நேரம் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று மனசு ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்க்கும். பசிக்காது. புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன், எதுவும் ஏறாது. மற்றவர்கள் எல்லாம் சட்டென்று ஒட்டிக்கொண்டுவிட்டார்கள், எனக்கு மட்டும்தான் இந்த இடம் ஒத்துவரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழாதே, சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. ஏதோ ஒரு நேரத்தில், ஏதோ ஓரிடத்தில், இந்தப் பெண் வருவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு யாரோ ஒருவர் இருந்தார்கள். அந்த யாரோ நீங்கள்தான்.

காவலாளி அண்ணா, உங்களை முதலில் சொல்ல வேண்டும். விடுதிக்குள் சிக்னல் கிடைக்காமல் ராத்திரியில் வாசல் படிக்கு வந்து நின்றுகொண்டு வீட்டுக்குப் பேசுவேன். சில நாள் கழித்து நான் வரும் நேரத்துக்கு உங்கள் நாற்காலி படிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீங்கள் சுவரோரம் நின்றுகொள்வீர்கள். பேசப் பேச என் குரல் உடையும். உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோந்து கிளம்பிவிடுவீர்கள். அப்போதுதான் ஒரு சுற்று முடித்து வந்திருப்பீர்கள், இருந்தாலும் போவீர்கள். மரத்தடி வரைக்கும் போய் விளக்கை அங்கும் இங்கும் அடித்துக்கொண்டு நிற்பீர்கள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள். "பேசியாச்சாம்மா? போய்த் தூங்கு." அவ்வளவுதான். ஏன் அழுதாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒருவரைத் தனியாக அழ விட்டுவிட்டு, அதே சமயம் பத்திரமாகவும் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறது.

என் அறைத்தோழிக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. காலையில் நான் எழுந்திருக்கும் வரை வகுப்புக்குக் கிளம்பாமல் கட்டில் முனையில் உட்கார்ந்திருப்பாய். "நீ வரலைன்னா நானும் போகலை" என்பாய். உனக்கு வருகைப்பதிவு குறைந்துவிடுமே என்றுதான் பல நாள் எழுந்தேன்.

அடுத்தது மூன்றாம் வருட அக்கா. மாடிப்படியில் நான் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வருடம் தானும் ரயில் நேரம் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டதைச் சொன்னார். ஆய்வகத்தில் யாரும் தன்னைக் குழுவில் சேர்க்காமல் நின்றதையும் சொன்னார். நான் அசந்துபோனேன், ஏனென்றால் விடுதியையே கலகலப்பாக வைத்திருக்கிறவர் அவர். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பின்னால் ஒரு உளவியல் வகுப்பில் 2011இல் சயன்ஸ் இதழில் வால்டன், கோஹன் என்ற இருவர் எழுதிய கட்டுரையைப் பற்றிப் படித்தபோது இந்த அக்காதான் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் முதல் வருட மாணவர்களிடம், "ஆரம்பத்தில் எங்களுக்கும் இங்கே ஒட்டவில்லை, போகப் போகச் சரியானது" என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு அதைப் பற்றித் தங்கள் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை. அதில் பங்கெடுத்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருடங்களில் உயர்ந்திருந்தது. அக்கா, நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு வந்து பேசவில்லை என்று தெரியும். அதனால்தான் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

மனநல ஆலோசகர் மேடத்திடம் அக்காதான் கூட்டிக்கொண்டு போனார். கதவுக்கு வெளியே காத்தும் இருந்தார். எனக்கு என்ன வியாதி என்று கேட்டேன். மேடம் ஒரு பழைய கதை சொன்னார். 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வீட்டு ஏக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். அதில் பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞன் வருகிறான். துக்கம், காய்ச்சல், படபடப்பு என்று பிழைப்பானா என்று சந்தேகப்படும் அளவுக்குப் படுத்துவிட்டான். ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது என்றதும் தெளிய ஆரம்பித்து, பெர்ன் போய்ச் சேர்வதற்குள் குணமாகிவிட்டான். இன்றைக்கு ரயிலில் ஒரு மணி நேரத் தூரம் அது. "தூரம் கிலோமீட்டரில் இல்லைம்மா, உனக்கு வந்தது அவனுக்கும் வந்ததுதான்" என்றார். முந்நூறு வருடத்துக்கு மேலாக மாணவர்களுக்கு இது வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டபோது என் தோளில் இருந்து ஏதோ இறங்கியது. அப்புறம் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். அதற்கு அடுத்த வியாழனுக்கும்.

சார், முதல் தேர்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னை அறைக்குக் கூப்பிட்டீர்கள். திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். "எப்படிப் படிக்கிறாய், காட்டு" என்றீர்கள். நான் கோடு போட்டுப் போட்டுப் படித்த பக்கங்களைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி, "இப்போது சொல்லு" என்றீர்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2006இல் ராடிகரும் கார்ப்பிக்கியும் செய்த ஆய்வைப் பற்றியும் சொன்னீர்கள். அந்தப் பருவம் முழுக்க வாரம் ஒரு முறை நான் மூடிய புத்தகத்தோடு உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். உங்களுக்கு அது கூடுதல் வேலைதான், யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத வேலை.

அம்மா, நீங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. "வந்துடும்மா" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் ஒரே கேள்வி: "இன்னைக்குப் புதுசா யார்கிட்ட பேசினே? பேர் சொல்லு." ராத்திரி உங்களுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமே என்று சாயங்காலத்துக்குள் யாரிடமாவது போய்ப் பேசிவிடுவேன். சொன்ன பெயர்களை நீங்கள் மறக்கவும் இல்லை. "அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று மறுநாள் கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்லவே அவள் அறைக்குப் போக வேண்டியிருக்கும். அப்படிப் போய் வந்ததில் கிடைத்தவர்கள்தான் இன்றைக்கு என் பெட்டியைக் கட்ட வந்து நிற்கிறார்கள்.

நூலகத்தில் ஜன்னலோர இடத்தில் ஒரு நோட்டை வைத்து எனக்காகப் பிடித்துவைத்த தோழிக்கும், பேருந்து மாறி ஏறப்போனபோது கையைப் பிடித்து இழுத்த, பெயர் தெரியாத அந்தச் சீனியருக்கும் நன்றி.

வார்டன் மேடம், புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பேச வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வருகிறேன். கூட்டமாக உட்கார வைத்துப் பேசுவதைவிட, மாலையில் மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார அனுமதி கொடுத்தால் போதும். அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். தேதி மட்டும் சொல்லுங்கள், வேலையில் விடுப்பு கேட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் விடுதிப் பெண்