கொடைக்கானல் மலைக்கு மேல் பறப்பவர்கள் எந்த ஈ.எல்.டி. வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால், விபத்து நடந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஈ.எல்.டி. கருவி எந்த மாடலானாலும் சரி, விலை குறைந்ததை மாட்டிக்கொள்ளலாம் என்ற பொருளில் போகிறபோக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. விமான ரேடியோ பராமரிப்பிலேயே தலை நரைத்தவனுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது. விமானப்படை வரை இறங்கித் தேடியும் மறுநாள் காலையில்தான் இடம் தெரிந்தது. ஒரு முதல்வருக்கே அப்படி என்றால், நாலு பேர் உட்காரும் தனியார் விமானம் வருசநாட்டுப் பக்கமோ மேகமலையிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஈ.எல்.டி. என்று நாங்கள் சொல்லும் அந்தப் பெட்டி, மோதிய அதிர்ச்சியில் தானாகவே சமிக்ஞை அனுப்பத் தொடங்கும். அதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் கத்தும். செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கவனிப்பதை 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டன. அந்த வழியாகப் போகும் விமானம் ஏதாவது கேட்டால்தான் உண்டு. பழைய விமானத்தோடு சேர்ந்து வரும் பெட்டி பெரும்பாலும் இந்த ரகமாக இருக்கும். கழற்றி வீசிவிடலாம். 406 மெகாஹெர்ட்ஸ் கருவி, கோஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒரு முறை தன் அடையாள எண்ணோடு தகவல் அனுப்பும். அதிலும் 121.5 இருக்கும், தேடி வருபவர்கள் கடைசிச் சில கிலோமீட்டரில் மோப்பம் பிடிக்க மட்டும் அது.

அடுத்தது ஜி.பி.எஸ். இணைப்பு உள்ளதா, இல்லாததா? விலை வித்தியாசத்தைப் பார்த்துப் பலர் இல்லாததை வாங்குகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அப்படிச் செய்யக் கூடாது என்பேன். பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் கனடாவின் வடகோடியில் அடிவானத்தை ஒட்டித் தெரியும். ஒரு மலை குறுக்கே வந்தால் மறைந்துவிடும். மதுரை 10 டிகிரி அட்சரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருப்பதால், நமக்கு அவை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். பழனி மலையின் பள்ளத்தாக்கில் கிடந்தாலும் பெட்டிக்கு மேலே வானம் திறந்துதான் இருக்கும். இன்சாட் வரிசைக் கோள்கள் சிலவற்றில் இந்தச் சமிக்ஞையை வாங்குவதற்கென்றே கருவி ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் நகராமல் நிற்கும் கோளால் சமிக்ஞையைக் கேட்க முடியுமே தவிர, எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட முடியாது. பெட்டியே ஜி.பி.எஸ். இடத்தைச் சேர்த்து அனுப்பினால் சில நிமிடங்களில் சுமார் 100 மீட்டர் துல்லியத்தில் இடம் தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால், சுற்றிவரும் கோள்கள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். தாழ்வாகச் சுற்றும் கோள்களின் கணக்கில் 5 கிலோமீட்டர் வரை பிசகலாம். அதாவது, 80 சதுர கிலோமீட்டர் காடு. மலையேறித் தேடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நல்ல பெட்டியை வாங்கி மோசமாகப் பொருத்துவதும் நடக்கிறது. இதை வாலுக்குப் பக்கத்தில் வைப்பார்கள், மோதலில் அந்தப் பகுதிதான் ஓரளவு தப்பும் என்பதால். ஒரு தனியார் ஹாங்கரில் (விமானக் கொட்டகையில்) நான் திறந்து பார்த்த விமானத்தில் பெட்டியை வெல்க்ரோ பட்டையால் கட்டியிருந்தார்கள். வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் பட்டை பிடிப்பு விட்டு, விரலால் தள்ளினாலே பெட்டி ஆடியது. மோதும்போது பெட்டி பிய்த்துக்கொண்டு போனால் ஆண்டெனா கேபிள் அறுந்துவிடும். பிறகு அது 5 வாட்டில் கத்தி என்ன பயன்? அமெரிக்காவில் 2012-இல் வந்த புதிய தரவிதியே வெல்க்ரோவை ஏற்பதில்லை. உலோகப் பட்டை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். இறக்கை விமானத்தில் அது மூக்குப் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் நேர் மோதலில் கருவி விழிக்காமலே போகலாம். பேட்டரி காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பதிவு செய்வதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் இஸ்ரோவின் பெங்களூரு மையம் இதைப் பதிவு செய்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய விமானம் என்றால் பெட்டிக்குள் அந்த நாட்டுக் குறியீடு இருக்கும். அதை இந்தியாவுக்குரிய 419-க்கு மாற்றி எழுத வேண்டும். மாற்றாவிட்டால், விமானம் யாருடையது என்று தெரிந்துகொள்ள முன்னாள் முதலாளியின் நாட்டை விசாரிக்க வேண்டிவரும். இந்தப் பெட்டிகளிலிருந்து வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொய் எச்சரிக்கைகள் என்பதால், மீட்பு மையம் முதலில் பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் போன் செய்யும். அங்கே விமானியின் செல்போன் எண்ணையே கொடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள்! அந்த போனும் அவரோடு காட்டில்தானே கிடக்கும்? பயணத் திட்டம் தெரிந்த மனைவி, தம்பி, இல்லை ஹாங்கர் பொறுப்பாளர் எண்ணைக் கொடுங்கள்.

சட்டைப் பையில் வைக்கும் பி.எல்.பி. என்ற தனிநபர் இடங்காட்டிக் கருவி போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அதைக் கையால்தான் இயக்க வேண்டும். நினைவு தப்பியவரால் முடியாது. கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், பதிலாக அல்ல.

கட்டுரையின் அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான ரேடியோ பராமரிப்பாளர்,
பசுமலை, மதுரை.