கழுத்துவலிக்குப் பின் கால் மரத்தால் காத்திருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலவாழ்வுப் பக்கத்தில் முதுகுவலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உட்காரும் விதம், உடற்பயிற்சி, எடை எல்லாம் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் எந்த வலிக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. நரம்பு அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர் நான். விடுபட்டதை எழுதுகிறேன், தயவுசெய்து வெளியிடுங்கள்.

அடிபடாமல், விழாமல், தண்டுவட உறைக்கும் எலும்புக்கும் நடுவே தானாகவே ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டு தண்டுவடத்தை அழுத்துவது உண்டு. அங்கே இருக்கிற மெல்லிய சிரைகளில் வால்வு கிடையாது, அதனால் ஓங்கி இருமினாலோ முக்கினாலோ அழுத்தம் நேராக அங்கே போய்ச் சேரும். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் என்பார்கள். அபூர்வம்தான், சரி, ஆனால் 7 கோடிப் பேருக்கு மேல் இருக்கிற தமிழ்நாட்டில் அது வருடத்துக்கு 70 குடும்பம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல், நிறையப் பேருக்குக் காரணமே தெரியாது.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் திடீரென்று இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே கத்தியால் குத்தினமாதிரி வலி. பக்கத்து கிளினிக்கில் பிடிப்பு என்று வலி ஊசி போட்டார்கள், எக்ஸ்ரேவில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரேவில் இந்த ரத்தக்கட்டு தெரியவே தெரியாது. போதாததற்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் அசிட்ரோமோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து இன்னும் ஏறும். ராத்திரியே கால் மரத்திருக்கிறது. "ஒண்ணுக்கும் வரல, முட்டவும் இல்லம்மா" என்றார், டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. டாக்டர் ஊசிமுனையால் காலிலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்து, எங்கே உறைக்க ஆரம்பிக்கிறதோ அங்கே மார்பில் பேனாவால் கோடு போட்டார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மரமரப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்கட்டு தெரிந்தது, அசிட்ரோமின் வேலையை முறிக்க வைட்டமின் கே, பிளாஸ்மா ஏற்றி அன்றைக்கே முதுகெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து எடுத்தார்கள். ஆனால் கால் தேறவில்லை.

இதில் நேரம்தான் எல்லாம். கால் முழுதாக விழுந்துவிட்டால் 36 மணி நேரத்துக்குள்ளும், கொஞ்சமாவது அசைவு இருந்தால் 48 மணி நேரத்துக்குள்ளும் ஆபரேஷன் முடிய வேண்டும் என்று 1996-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அதற்காக அதுவரை பொறுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, 12 மணி நேரத்துக்குள் செய்தவர்கள்தான் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருக்கிறார்கள். பலவீனம் இல்லாமல், அல்லது தானாகவே வேகமாகக் குறைந்துவந்தால் கத்தி வைக்காமல் பார்ப்பதும் உண்டு, ஆனால் அது நியூரோ சர்ஜன் கண்ணெதிரே படுக்க வைத்துப் பார்ப்பது, வீட்டில் அல்ல.

இன்னொன்று. இதே ரத்தக்கட்டு கழுத்தில் வந்தால் சிலருக்கு ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் விழும். பார்த்தால் பக்கவாதம் மாதிரியே இருக்கும், ஆனால் வாய் கோணாது, பேச்சு குழறாது, கழுத்துவலி இருக்கும். பக்கவாதம் என்று நினைத்து ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால் கசிவு பெருகிவிடும். கழுத்துவலி எப்போது வந்தது என்று ஒரு கேள்வி கேட்டாலே சந்தேகம் வந்துவிடும், அதைக் கேட்காமல் விடுவதுதான் எனக்கு ஆறவில்லை.

ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைப் பெயரும் கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்க்கும் பரிசோதனை) அளவும் எழுதிய சீட்டைப் பையிலேயே வைத்திருங்கள், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் நீங்களே நீட்டுங்கள். பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வால்வு மாற்றியவர்களுக்கு அந்த வால்வு அடைத்துக்கொள்ளும். அப்புறம் அரசுக்கு ஒரு வேண்டுகோள்: எம்.ஆர்.ஐ. கருவி இருக்கிற மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இரவு ஷிப்டுக்கும் டெக்னீசியன் போடுங்கள். காலையில் எடுக்கலாம் என்று தள்ளிவைக்கிற ஸ்கேன் இது இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.