பச்சை காட்டிய இணைப்புகளையும் திறந்து பார்த்தவருக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 13-ஆம் வெளியீட்டுக்கு மாறிய அந்த நாட்கள் எப்படிப் போயின என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. சர்வர் நிர்வாகக் கையேட்டில் சரியாகாமல் மிச்சமிருந்த கடைசி இணைப்பும் நேற்றிரவு சரியாகிவிட்டது. மனம் நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

இணைப்புச் சோதனைக் கருவியை ஓட்டி, அது கொட்டிய அறிக்கையை வரிவரியாகப் பிரித்துத் தந்தவர்களே, உங்களுக்கு நன்றி. இந்த முறையில் கேட்கக்கூடாது என்னும் 405 குறியீடு வந்த இணைப்பெல்லாம் செத்த இணைப்பு அல்ல, அந்தச் சர்வர் தலைப்பு விவரங்களை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கையை ஏற்பதில்லை, முழுப் பக்கத்தையும் கேட்கும் கெட் கோரிக்கையில் கேட்டால் பக்கம் வருகிறது என்று பார்த்துச் சொன்னீர்கள். அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று 429 காட்டிய சர்வர்களை அடுத்தடுத்துத் தட்டாமல், இடைவெளி விட்டு மறுபடி ஓட்டினீர்கள். பக்கம் நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்லும் 301 வந்த இடங்களில் புதிய முகவரியை எழுதினீர்கள், தற்காலிக மாற்றத்தைச் சொல்லும் 302 வந்த இடங்களைத் தொடாமல் விட்டீர்கள். அதுதான் சரி, தற்காலிக வழிமாற்று காட்டும் முகவரியைக் கையேட்டில் எழுதிவைத்தால், அந்த வழிமாற்று போன அன்றைக்கு நம் இணைப்பும் போய்விடும். எக்ஸாம்பிள்.காம், 192.0.2.0/24 போன்ற முகவரிகள் ஆவணங்களில் எடுத்துக்காட்டாகக் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றைக் கருவி சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் அறிக்கை படிக்கிற அளவுக்கு வந்தது. உங்களில் யாருக்கும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்குரியது.

பெயர் வேண்டாம் என்றீர்கள், எழுதவில்லை.

நீங்கள் அனுப்பிய பேட்ச், அதாவது திருத்தத் தொகுப்பு, மிகச் சிறியது. பக்கம் கிடைத்தது என்னும் 200 குறியீட்டோடு சோதனைக் கருவி பச்சை காட்டிய இணைப்புகளை மட்டும் அது தொட்டது. உடைந்தவற்றின் மேலேயே எல்லோர் கண்ணும் இருந்தபோது, உடையாதவற்றை ஒருவர் திறந்து பார்ப்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

விஷயம், அந்தந்த நேரத்து நிலையான வெளியீட்டைக் குறிக்கும் ‘ஸ்டேபிள்’ என்ற ஒரு சொல்லில் இருந்தது. டெபியன் தளத்தில் வெளியீட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஸ்டேபிள் என்று எழுதினாலும் பக்கம் வரும். 2023 ஜூன் 10 முதல் அந்தச் சொல் 12-ஐ, அதாவது புக்வார்மைக் குறித்தது. 2025 ஆகஸ்ட் 9-இல் ட்ரிக்ஸி வெளியானதும் அதே சொல் 13-ஐக் குறிக்கத் தொடங்கியது. முகவரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சர்வர் 200 என்கிறது, கருவி பச்சை காட்டுகிறது, 12-க்காக எழுதிய பத்தியிலிருந்து போகும் வாசகர் மட்டும் 13-இன் பக்கத்தில் போய் நிற்கிறார்.

அங்கே எழுதியிருப்பதை 12 ஓடும் சர்வரில் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பேட்சோடு எழுதியிருந்தீர்கள். மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்டில், ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ் என்ற கட்டளை 13-இல் வரும் ஆப்ட் 3.0-இல்தான் உண்டு. 12-இல் அடித்தால், அப்படியொரு செயலே இல்லை என்று பிழை வரும். இது பரவாயில்லை, பிழையாவது கண்ணில் படுகிறது. 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இயல்பாகவே நினைவகத்தில் இருக்கிறது, பாதி ராம் வரை எடுத்துக்கொள்ளும், மறுதொடக்கத்தில் காலியாகும். 12-இல் அது வட்டில் இருக்கிறது. ஒன்றுக்கான அறிவுரையை மற்றதில் நம்பிப் பெரிய காப்புக் கோப்பை அங்கே வைப்பவருக்கு, இடம் நிரம்பும்வரை பிழைச் செய்தி எதுவும் வராது. கர்னல் அமைப்புகளை எழுதும் சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பும் அப்படித்தான். 12-இல் இயந்திரம் தொடங்கும்போது அது படிக்கப்படும். 13-இல் படிக்கப்படாது, அமைப்புகளை சிஸ்சிடிஎல்.டி அடைவில், பெயர் .கான்ஃப் என்று முடியும் கோப்பில் எழுத வேண்டும். பாக்கெட்டுகளை முன்னனுப்பும் அமைப்பைப் பழைய கோப்பில் எழுதிய ரூட்டர், மறுதொடக்கம் ஆனதும் சத்தமில்லாமல் வேலையை நிறுத்திவிடும்.

நிஜ வேலையில் இருக்கும் உற்பத்திச் சர்வரில், மென்பொருள் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் ஸ்டேபிள் என்று எழுதாதீர்கள், வெளியீட்டின் பெயரை எழுதுங்கள் என்று எங்கள் கையேடே முதல் அத்தியாயத்தில் சொல்கிறது. அங்கே தவறினாலும் மென்பொருள் களஞ்சியத்தில் வெளியீட்டின் பெயர் மாறியதைக் கண்டு ஆப்ட் நின்று, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்கும். இணைப்புக்கு அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. நீங்கள் கேட்டீர்கள்.

எல்லா ஸ்டேபிளையும் ஒரே கட்டளையில் புக்வார்ம் என்று மாற்றியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. நீங்கள் ஒவ்வோர் இணைப்பையும் சுற்றியிருந்த வாக்கியத்தைப் படித்தீர்கள். “இப்போதைய நிறுவிப் படத்தை இறக்குங்கள்” என்ற இடத்தில் ஸ்டேபிளை அப்படியே விட்டீர்கள். பழைய 32-பிட் ஐ386 இயந்திரங்களுக்கான பத்தியில் புக்வார்ம் என்று மாற்றினீர்கள், 13-இல் அவற்றுக்கு நிறுவியே கிடையாது. வன்பொருளை இயக்கத் தேவையான, கட்டற்றதல்லாத மென்பொருள்களின் பிரிவான நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பற்றி “இங்கே பார்க்கவும்” என்று மட்டும் இருந்த இடத்தில், 12 முதல் ஃபர்ம்வேர் தனிப் பிரிவாக வருகிறது, சோர்சஸ் வரியில் அதன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதி, இணைப்பை அதற்குப் பின்னால் வைத்தீர்கள். இனி அந்த இணைப்பு செத்தாலும் கையேட்டின் செய்முறை சாகாது.

எங்களை நெகிழவைத்தது ஒவ்வோர் இணைப்பின் மேலும் நீங்கள் விட்டுச்சென்ற ஒரு வரி. கையேட்டை எழுதும் வடிவமான ஆஸ்கிடாக்கில் இரண்டு சாய்கோடு போட்டுத் தொடங்கும் வரி வாசகர் கண்ணுக்குத் தெரியாது. அதில் மூன்றே செய்திகள்: எந்த வெளியீட்டுக்கான இணைப்பு, வாசகர் அங்கே எதைத் தேடிப் போகிறார், கடைசியாகத் திறந்து பார்த்த தேதி. இணைப்பு செத்த பிறகு வெறும் முகவரியை வைத்துக்கொண்டு மாற்றுப் பக்கம் தேடிய எவருக்கும் அந்த இரண்டாவது செய்தியின் அருமை தெரியும். தேதியும் அப்படியே. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் ஒரே பக்கத்துக்குப் பல பிரதிகள் கிடக்கும், ஒவ்வொரு முகவரியிலும் ஆண்டில் தொடங்கி நொடி வரை 14 இலக்கம் இருக்கும். உங்கள் தேதிக்கு மிக அருகிலுள்ள பிரதியை எடுத்தால், கடைசியாகத் திறந்தவர் பார்த்த பக்கத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். யாரும் கேட்காத வரி அது. அடுத்து வருபவர் திண்டாடக்கூடாது என்று நினைத்தவர் மட்டுமே எழுதக்கூடியது.

ஆகவே இந்தக் கையேட்டில் இனி அந்த வரி இல்லாத வெளி இணைப்பு எதையும் ஏற்கமாட்டோம் என்று முடிவுசெய்திருக்கிறோம். டெபியன் 14 வெளியாகும் நாளில் முதல் வேலை கருவியை ஓட்டுவது அல்ல. ஸ்டேபிள் என்ற சொல்லைத் தேடி, வரும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பது. முகவரியில் ஹாஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை, அதனால் அந்தத் தலைப்பு பக்கத்தில் இன்னும் இருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்ப்போம். பார்த்த தேதியை உங்கள் வரியிலேயே திருத்தி எழுதுவோம்.

மிக்க நன்றி, நண்பரே. உங்கள் பேட்சில் ஒரு வரியையும் மாற்றாமல் சேர்த்துவிட்டோம்.

அன்புடன்,
கையேட்டுப் பராமரிப்புக் குழுவினர்