எட்டாம் நம்பர் என்றால் எந்த எட்டு?

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஞாயிறு இணைப்பில் 'கவுல்' பின்னும் முறை போட்டிருந்தீர்கள். இரண்டு முனையும் சேர்ந்த மஃப்ளர்தான் அது. தலை வழியாக மாட்டிக்கொண்டால் போதும், காற்றில் அவிழாது. விடியற்காலையில் பால் வாங்கப் போகும் என் வீட்டுக்காரருக்கு ஆகும் என்று அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

'8ஆம் நம்பர் வட்ட ஊசி, 100 கண்ணி, சுற்றளவு 62 செ.மீ.' என்று இருந்தது. (வட்ட ஊசி என்றால் நடுவில் வளையும் கம்பியால் இணைந்த இரண்டு பின்னல் ஊசி, கண்ணி என்றால் ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையம்.) என்னிடமும் 8ஆம் நம்பர் இருந்தது. பத்து நாள் சாயங்காலம் பின்னி முடித்து அவருக்கு மாட்டினால், காதோடு நின்றுவிட்டது. "தலையைச் சீவிக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அளந்தேன், 50 செ.மீ. இப்போது அது பேத்தியின் கழுத்தில் இருக்கிறது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாக விற்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு: நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ., நம்முடைய 8 வெறும் 4 மி.மீ. நீங்கள் போட்டது அமெரிக்கக் கணக்கு, அதற்கு நான் எடுத்திருக்க வேண்டியது நம் கணக்கில் 5 மி.மீ. இருக்கும் 6ஆம் நம்பர். 10 செ.மீ.க்கு 16 கண்ணி வர வேண்டிய இடத்தில் எனக்கு 20 விழுந்திருக்கிறது. முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பார்க்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்பருக்குப் பக்கத்தில் மில்லிமீட்டரையும் போட்டிருந்தால் பத்து நாள் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த டிசைன் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. படத்துக்கு அழகு, சரி. ஜனவரியில் எங்கள் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில் அந்த ஓட்டைகள் காற்றுக்குத்தான் வழி விடும். எங்கள் ஊர்க் குளிருக்கு ரெண்டு நிட் (நேர்க் கண்ணி), ரெண்டு பர்ல் (புறக் கண்ணி) என்று சுற்றிச் சுற்றிப் பின்னும் ரிப், அதாவது வரிவரியான பின்னல், போதும். தலையில் மாட்டும்போது விரியும், கழுத்துக்கு வந்ததும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். கண்ணி மட்டும் நான்கால் வகுபட வேண்டும். 100 தோதான எண். கழுத்தில் ரெண்டு சுற்று வருகிற மாதிரி 120 செ.மீ.க்கும் பின்னலாம், கதகதப்பு கூடும். அதற்கு நூலும் இரட்டிப்பாகும். என் போன்றவர்களுக்குப் பொறுமையும் வேண்டும்.

வட்டமாகச் சேர்க்கும்போது கண்ணிகள் ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொள்ளாமல் எல்லாம் கீழ்ப்பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லும் ஒரு வரியும் விடுபட்டிருக்கிறது. நான் ஆறாவது சுற்றில்தான் கவனித்தேன். அதைப் பிரித்தெடுத்த கதை தனி.

நவம்பர் முடிவதற்குள் ஒரு திருத்தம் போட்டால், இன்னும் ஆரம்பிக்காதவர்களாவது தப்பிப்பார்கள். 100 கிராம் நூல் போதும் என்று நீங்கள் எழுதியது மட்டும் சரிதான் போலிருக்கிறது. 6ஆம் நம்பரில் மறுபடி ஆரம்பித்து ஒரு சாண் பின்னிவிட்டேன், உருண்டையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃபிங்கர்போஸ்ட், ஊட்டி