பதில் வராவிட்டால்

கண்ணு,

சனிக்கிழமை போனில் நீ சொன்னது எனக்கு முழுசாகப் பிடிபட ரெண்டு நாள் ஆயிற்று. க்ரீன் கார்டு வந்துவிட்டது, இனி துப்பாக்கி வாங்கலாம். ஊரைக் காலி செய்கிற உன் ஆபீஸ் நண்பர் தன் கைத்துப்பாக்கியைக் குறைந்த விலைக்குத் தருகிறார். டெக்ஸாஸில் தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு விற்றால் பின்னணி விசாரணை தேவையில்லை. "ஒரு பேப்பர்கூட வேண்டாம்மா" என்றாய். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பேப்பரோடு கிடந்தவள் நான்.

கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி லைசென்ஸ் சீட்டில் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன், நீ அப்போது ஆறாவது. ஒரு தோட்டக்காரர் மனுப் போட்டிருந்தார். காட்டுப்பன்றி சோளத்தை அழிக்கிறது என்று காரணம், நியாயமான காரணம். எல்லா அறிக்கையும் வந்தது, போலீஸ் அறிக்கை மட்டும் வரவில்லை. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு ரெண்டு. அவருடைய ஆள் தினமும் வந்து எதிர் பெஞ்சில் உட்காருவார். "ஒண்ணும் வரலீன்னா ஒண்ணும் இல்லைன்னுதானுங்களே அர்த்தம்?" என்பார். மூன்றாம் மாதம் வந்தது, மடித்த முழுத்தாள், கார்பன் பிரதி, எழுத்தெல்லாம் மங்கல். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. மனுப் போட்டவர் மேல், வரப்புத் தகராறில் சொந்த அண்ணனை அரிவாளால் வெட்டிய வழக்கு கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. பதில் வரும்வரை கோப்பை நகர்த்தாமல் இருந்தேன், நான் செய்தது அவ்வளவுதான்.

நீ இருக்கிற நாட்டில் இது தலைகீழ். கடையில் வாங்குகிறவர் 4473 என்ற படிவத்தை நிரப்பித் தருகிறார், கடைக்காரர் எஃப்.பி.ஐ.யைக் கேட்கிறார். பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில் வந்துவிடும். சந்தேகம் வந்து அவர்கள் தேட ஆரம்பித்து, மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால், கடைக்காரர் விற்கலாம். மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், கண்ணு. 2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் ஓர் இளைஞன் வாங்க வந்தான். அவன் மேல் இருந்த போதைப்பொருள் வழக்கின் விவரம் வந்து சேர்வதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது, துப்பாக்கி கைக்குப் போய்விட்டது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் அவர்களோடு உட்கார்ந்திருந்தவன், அங்கேயே ஒன்பது பேரைக் கொன்றான். அந்த விற்பனை நடந்திருக்கவே கூடாது என்று அப்போது எஃப்.பி.ஐ. இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமியே ஒப்புக்கொண்டார். மூன்று நாளைப் பத்து நாளாக்க 2021ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை மசோதா நிறைவேற்றியது. மேலவையான செனட்டில் அது அப்படியே நின்றுபோனது. 2022 சட்டம் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கூட்டியது.

வர்ஜீனியா டெக் பேராசிரியர் லோகநாதனை உனக்குத் தெரிந்திருக்கும். நம்ம கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், நீரியல் சொல்லிக்கொடுத்தவர். 2007 ஏப்ரல் 16 அன்று வகுப்பிலேயே அவரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அன்றைக்கு அந்த ஒருவன் கொன்றது 32 பேரை. அவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரிலேயே நீதிமன்ற உத்தரவு இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறச் சொன்ன உத்தரவு என்பதால், வர்ஜீனியா அதை, துப்பாக்கி வாங்கக் கூடாதவர்களின் தேசியப் பட்டியலுக்கு அனுப்பவில்லை. விசாரணையில் ரெண்டு தடவையும் தேறி, ரெண்டு துப்பாக்கி வாங்கினான். ஒரு தபால் போகவில்லை, கண்ணு. அனுப்ப வேண்டிய மேஜையில் என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்திருந்திருப்பாள் என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் மாநிலங்கள் இந்தப் பதிவுகளை ஒழுங்காக அனுப்ப வைக்கும் சட்டம் 2008 ஜனவரியில் வந்தது.

திருடன் கடைக்கா போவான் என்று கேட்டாய். போகமாட்டான்தான். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளைக் கொன்றவன் கையில் இருந்தது அவன் அம்மா முறையாக வாங்கிய துப்பாக்கி, எந்த விசாரணையும் அதைத் தடுத்திருக்காது. கேட்டுக் கொடுப்பதால் எல்லாம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் முறையைப் பெருமையாகவும் சொல்லவில்லை. லைசென்ஸுக்கு வருஷக்கணக்கில் நடந்து செருப்புத் தேய்ந்த நல்ல மனுஷர்களை அந்த பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன், அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். அரசாங்கம் பேர்ப்பட்டியல் போட்டுவைத்து ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும் என்ற உன் நண்பரின் பயத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அப்படிப் பதிவேடு வைக்கக் கூடாதென்று அங்கே சட்டமே இருக்கிறது. தேறியவர்களின் விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும்.

நீ வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் ஆசை. பாப்பா நாற்காலி போட்டு அலமாரி ஏறுகிற வயசு. ஆனால் நீ பெரியவன், உன் வீடு, உன் முடிவு. வாங்குவதானால் அந்த நண்பரோடு லைசென்ஸ் உள்ள கடைக்குப் போ. தனி ஆள் விற்பனைக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு விசாரணை செய்து தருகிற கடைகள் உண்டு. படிவத்தில் உன் கையால் எழுது. உடனே பதில் வராவிட்டால், மூன்று நாள் ஆகிவிட்டதென்று கடைக்காரர் நீட்டினாலும் கை நீட்டாதே. வரும்வரை காத்திரு.

அவர் எப்போது ஊரைக் காலி செய்கிறார் என்று எனக்கு எழுது. அதற்குள் ரெண்டு பேரும் கடைக்குப் போய்வர நேரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்மா